800 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடைப் பிளக்கும்போது வினையூக்கிக்கு என்ன வேலை?

கேள்வி கேட்டவர் ஒரு செய்தியைப் படித்திருக்கிறார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். நிறுவனத்தில், கார்பன் டை ஆக்சைடை 800 டிகிரி செல்சியஸில் மின்பகுப்பு செய்து கார்பன் மோனாக்சைடாக மாற்றும் புதிய வினையூக்கி ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள், அதன் ஆற்றல் திறன் 90 சதவீதம் என்பது செய்தி. அதை வைத்து அவர் கேட்பது: "800 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு ஆற்றல் மிச்சம் என்றால் எப்படி? அவ்வளவு சூட்டில் வினை தானாகவே ஓடுமே, வினையூக்கி எதற்கு? இதை அனல்மின் நிலையப் புகைபோக்கியில் மாட்டிவிடலாமா?" கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தச் சூட்டில் வினையூக்கியை மேம்படுத்துவது என்றால் அதன் எந்தக் குணத்தை மேம்படுத்துகிறார்கள்? இந்த மின்பகுப்பு நடப்பது திட ஆக்சைடு செல்களில், அதாவது ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் பீங்கான் படலத்தை நடுவில் கொண்ட செல்களில். அவற்றோடு பல வருடங்களாக வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செல்லைச் செய்வதும் சோதிப்பதும்தான் என் வேலை. ஆலை கட்டும் செலவுக் கணக்கு என் துறை கிடையாது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் சூட்டின் கணக்கு. ஒரு மோல், அதாவது 44 கிராம், கார்பன் டை ஆக்சைடை கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 283 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலையில் செய்தாலும் 800 டிகிரியில் செய்தாலும் இந்த மொத்தம் ஏறக்குறைய மாறாது. மாறுவது, அதில் எவ்வளவை மின்சாரமாகவே கொடுத்தாக வேண்டும், எவ்வளவை வெப்பமாகக் கொடுக்கலாம் என்ற பங்கீடு. அறை வெப்பநிலையில் சுமார் 257 கிலோஜூலை மின்சாரமாகத்தான் தரவேண்டும். அதற்கான குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.33 வோல்ட். 800 டிகிரியில் மின்சாரத்தின் கட்டாயப் பங்கு சுமார் 189 கிலோஜூலாக இறங்கிவிடும், மின்னழுத்தம் 0.98 வோல்ட். மீதியை வெப்பம் கொடுக்கும். அந்த வெப்பத்துக்காகத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. செல்லுக்குள் மின்சாரம் ஓடும்போது தடைகளால் வீணாகி உண்டாகும் சூட்டையே வினை உறிஞ்சிக்கொள்கிறது. 1.47 வோல்ட்டில் ஓட்டினால் உள்ளே உண்டாகும் சூடும் வினை கேட்கும் சூடும் சரிக்குச் சரியாகிவிடும், செல் தன் வெப்பநிலையைத் தானே தாங்கிக்கொள்ளும். வெப்பச் சமநிலை மின்னழுத்தம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

உள்ளே வரும் வாயுவைச் சூடாக்க வேண்டாமா என்றால், வேண்டும். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை 800 டிகிரிக்கு ஏற்ற சுமார் 37 கிலோஜூல் ஆகும். ஆனால் வெளியே போகும் வாயுக்களும் அதே சூட்டில்தான் போகின்றன. ஒரு வெப்பப் பரிமாற்றியை வைத்து அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். ஆக, 800 டிகிரி என்ற எண் பயமுறுத்தினாலும் செலவுக் கணக்கில் அது சின்ன வரி. அறை வெப்பநிலைச் செல்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அவை நல்ல வேகத்தில் ஓட பெரும்பாலும் 3 வோல்ட் பக்கம் கேட்கின்றன. அதோடு, கார அல்லது நடுநிலை ஊடகத்தில் கார்பன் மோனாக்சைடு தயாரிக்கும்போது உள்ளே போகும் கார்பன் டை ஆக்சைடில் பாதி வரை கார்பனேட்டாக மாறி எதிர்ப்பக்கம் போய்விடும். திட ஆக்சைடு செல்லில் இந்தக் கார்பனேட் இழப்பு கிடையாது. மேலே சொன்ன சூட்டின் கணக்கு வெறும் வெப்ப இயக்கவியல், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இப்போது வினையூக்கிக்கு வருவோம். செல்லின் அமைப்பைக் கண்முன் வைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. நடுவில் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) படலம், தடிமன் பத்து மைக்ரான் அளவு. கார்பன் டை ஆக்சைடு நுழையும் பக்கத்தில் (எரிபொருள் பக்கம் என்போம்) நிக்கலும் சிர்கோனியாவும் பின்னிப்பிணைந்த நுண்துளை மின்வாய், வழக்கமாகச் செல்லையே தாங்கி நிற்பதும் இதுதான். மறுபக்கம் ஆக்சிஜன் வெளியேறும் மின்வாய், லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடு நிக்கல் பக்கம் வருகிறது, இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஒரு ஆக்சிஜன் அயனியைச் சிர்கோனியாவுக்குள் தள்ளிவிட்டு கார்பன் மோனாக்சைடாக வெளியே போகிறது. நிக்கல் மலிவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இந்தச் சூட்டில் வினையை வேகமாக நடத்தும். கேள்வி கேட்டவரின் உள்ளுணர்வு ஒரு விதத்தில் சரிதான்: புதிதாகச் செய்த நிக்கல் செல்லை முதல் நாள் ஓட்டிப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இருக்காது. சிக்கல் நாள் போகப் போகத்தான் தெரியும். நிக்கலுக்கு மூன்று தொல்லைகள் இருக்கின்றன.

முதலாவது, ஆக்சிஜனேற்றம். சுத்தமான கார்பன் டை ஆக்சைடை மட்டும் அனுப்பினால் அது நிக்கலையே ஆக்சைடாக மாற்றிவிடும். சாம்பல் நிற மின்வாய் நுழைவாயில் ஓரத்தில் பச்சையாகிக் கிடப்பதைச் செல்லைப் பிரித்ததும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆக்சைடானால் கன அளவு பெருகும், மின்வாய் உப்பி விரிசல் விடும். அதனால்தான் உள்ளே விடும் வாயுவோடு சிறிதளவு கார்பன் மோனாக்சைடையோ ஹைட்ரஜனையோ கலந்து அனுப்புகிறோம். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் செவ்வாய்க்குப் போன, அங்குள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் மாக்சி கருவியிலும் இந்தப் பிரச்சினை இருந்தது, அதில் வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டுச் சமாளித்தார்கள். 2021 ஏப்ரலில் முதல் முறை ஓடியபோது அது சுமார் 5 கிராம் ஆக்சிஜன் தந்தது. 2023-இல் பணி முடிந்தபோது மொத்தம் 122 கிராம். அந்தக் கருவியின் உள்ளே இருப்பதும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வகைச் செல்தான், அதே 800 டிகிரிதான்.

இரண்டாவது, கரி படிவது. இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடும் ஒரு கரி அணுவுமாக மாறும் வினை ஒன்று உண்டு, பூதுவார் வினை என்பார்கள். இது வெப்பநிலை குறையக் குறைய வலுப்பெறும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 700 டிகிரியில் வாயுவில் கார்பன் மோனாக்சைடு சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கரி விழ வாய்ப்பு வந்துவிடும். 800 டிகிரியில் அந்த எல்லை 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நிக்கலோ இந்த வினைக்கும் முதல்தரமான ஊக்கி. வாயுக்குழாயில் அளக்கும் சராசரி பாதுகாப்பாக இருந்தாலும் மின்வாயின் அடி ஆழத்தில், சிர்கோனியாவை ஒட்டிய இடத்தில், எல்லை தாண்டியிருக்கும். கரி அங்கேதான் முளைக்கும். அப்படிப் போன செல்லைத் திறந்து பார்த்திருக்கிறேன். மின்வாய் படலம் செதிலாக எழும்பி நிற்கும், விரல் பட்டாலே கறுப்புப் பொடி ஒட்டும், கீழே சிர்கோனியா வெறுமையாகப் பளபளக்கும். ஒரு தடவை இப்படி உரிந்த செல்லை மீட்க வழி கிடையாது.

மூன்றாவதுதான் மெதுவானது, என் பார்வையில் மிகக் கடினமானதும்கூட: நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருப்பது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் மெல்ல மெல்ல ஒன்றுகூடிப் பெரிய துளிகளாவதைப் பார்த்திருப்பீர்கள். 800 டிகிரியில் திட நிலையிலேயே நிக்கல் அதைச் செய்கிறது. துகள் பெருத்தால் மேற்பரப்பு குறையும். உலோகமும் சிர்கோனியாவும் வாயுவும் சந்திக்கும் விளிம்புகளில்தான் வினை நடக்கிறது, அந்த விளிம்புகள் குறையும். போதாததற்கு, மின்பகுப்பில் அதிக மின்னோட்டத்தில் ஓட்டும்போது நிக்கல் சிர்கோனியாவை விட்டு வெளிப்பக்கமாக நகர்ந்தும் போகிறது. இது பல ஆய்வகங்களில் நுண்ணோக்கிப் படங்களில் பதிவான உண்மை. ஏன் அந்தத் திசையில் நகர்கிறது என்பதில் மட்டும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நிக்கல் சிர்கோனியாவை நனைக்கும் தன்மை மின்னழுத்தத்தோடு மாறுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது, ஆவியாகும் நிக்கல் சேர்மங்கள் வழியாக நகர்கிறது என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் சான்று உண்டு, நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன்.

ஆக, இந்தச் சூட்டில் வினையூக்கியை மேம்படுத்துவது என்றால் முதன்மையாக அதை இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே, சுத்தமாக நிற்க வைப்பது. வேகம் அதற்குப் பின்னால்தான். இந்தக் கண்ணோடு பார்த்தால் இத்துறையில் கடந்த இருபது வருடங்களில் நடந்தது எல்லாம் ஒரு கோட்டில் வந்து நிற்கும்.

ஒரு வழி, நிக்கலைக் கைவிட்டுவிட்டு, ஆக்சைடையே மின்வாயாக வைப்பது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் இர்வின் குழு 2003-இல் லாந்தனம், ஸ்ட்ரான்சியம், குரோமியம், மாங்கனீசு சேர்ந்த பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைப் படிக அமைப்புள்ள ஆக்சைடு) ஒன்றை, எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் செல்லுக்காகக் கொண்டுவந்தது. பிறகு அதையே கார்பன் டை ஆக்சைடு மின்பகுப்பிலும் பலர் பயன்படுத்தினார்கள். ஸ்ட்ரான்சியம், இரும்பு, மாலிப்டினம் சேர்ந்த வகையும் பேர் வாங்கியது. இவற்றில் கரி எளிதில் படியாது, சுத்தமான கார்பன் டை ஆக்சைடையும் தாங்கும். ஆனால் நிக்கல் அளவுக்கு மின்சாரம் கடத்தாது, மேற்பரப்பில் வினையும் மந்தம். அந்த மந்தத்தைப் போக்க வந்தது வெளிப்படுத்தல் முறை. நிக்கலையோ இரும்பையோ ஆக்சைடின் படிகக் கட்டமைப்புக்குள் முதலிலேயே கரைத்து வைத்துவிட்டு, பிறகு ஆக்சிஜன் குறைவான சூழலில் சூடாக்கினால், உலோகம் நானோ துகள்களாக மேற்பரப்பில் தானாக முளைத்து வரும். மேலே தூவி வைத்த துகளைப் போலின்றி, இவை பாதி உடல் ஆக்சைடுக்குள் புதைந்து நிற்பதால் நகராது, பெருக்காது. துகளைத் தூக்கிக்கொண்டு வளரும் கரி இழைகளும் இதில் வளர முடியாது. இர்வின் குழுவே 2016-இல் வெப்ப முறைக்குப் பதில் செல்லுக்கு 2 வோல்ட் மின்னழுத்தத்தை 150 வினாடி கொடுத்தே துகள்களை முளைக்க வைத்துக் காட்டியது. அது நீராவி மின்பகுப்பில் செய்தது என்றாலும் கருத்து இங்கும் பொருந்தும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வேலை அதுதான்.

இன்னொரு வழி சீரியா, அதாவது சீரியம் ஆக்சைடு. அது எளிதாக ஆக்சிஜனை விடும், எளிதாக வாங்கும், அதன் மேற்பரப்பே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வினை நடத்தும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நிக்கல் மின்வாய் கரி பிடித்து வீழ்ந்த நிலைமைகளில் சீரியா மின்வாய் சுத்தமாக நின்றது. கரி விழ வேண்டும் என்று வெப்ப இயக்கவியல் சொல்லும் எல்லையைத் தாண்டியும் நின்றது. சீரியா மேற்பரப்பில் கார்பன் எப்போதும் ஆக்சிஜனோடு பிணைந்த இடைநிலையாகவே இருக்கிறது, தனிக் கரியாகப் பிரிய அதற்கு வழி கிடைப்பதில்லை என்பதுதான் அவர்கள் கண்ட காரணம். சீரியாவை நிக்கல் மின்வாய்க்குள் ஊட்டுவது ஆய்வகங்களில் தினசரி வேலை. சீரியம் நைட்ரேட் கரைசலைத் துளித் துளியாக நுண்துளை மின்வாயின் மேல் விட்டு, வெற்றிடத்தில் வைத்து உள்ளே இழுக்கவிட்டு, உலர்த்தி, சூடாக்கி, எடை பார்த்து, போதாவிட்டால் மறுபடி ஊட்டுவது. கை பக்குவம் கேட்கும் வேலை. ஒரே கரைசலை ஒரே நாளில் இரண்டு செல்களுக்கு ஊட்டினாலும் இரண்டும் ஒரே மாதிரி அமையாமல் போவதுண்டு, காரணம் துளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இப்போது லோசான் வேலைக்கு வருவோம். ஷீலே ஹூ குழு 2025-இல் வெளியிட்டது இந்த இரண்டு ஓட்டங்களும் சேர்ந்த இடம். கோபால்ட்டும் நிக்கலும் கலந்த உலோகக்கலவைத் துகள்களைச் சமேரியம் கலந்த சீரியா உறைக்குள் பொதிந்து வைத்திருக்கிறார்கள். உறை துகள்களை ஒன்றுசேர விடாது. உறையான சீரியா தானே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துத் தரும். கோபால்ட்டும் நிக்கலும் சரியான விகிதத்தில் இருப்பதால் உண்டான கார்பன் மோனாக்சைடு மேற்பரப்பில் ரொம்ப நேரம் ஒட்டிக்கொண்டிருக்காமல் விட்டுப் போகும். சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர், 800 டிகிரி என்ற நிலையில் 90 சதவீத ஆற்றல் திறன், 2,000 மணி நேரத்துக்கு மேல் ஆயுள், கார்பன் மோனாக்சைடு மட்டுமே விளைபொருள், ஒரே ஓட்டத்தில் 90 சதவீத விளைச்சல் (உள்ளே போன கார்பன் டை ஆக்சைடில் 90 சதவீதம் மாறியது) என்று காட்டியிருக்கிறார்கள். இதே நிலைமைகளில் அதுவரை இருந்த வினையூக்கிகள் பொதுவாக 70 சதவீதத்துக்கும் 200 மணி நேரத்துக்கும் கீழேதான் நின்றன என்பது அவர்களின் ஒப்பீடு. என்னைக் கேட்டால் இதில் செய்தியான 90 சதவீதத்தைவிட 2,000 மணி நேரம்தான் பெரிய விஷயம். 90 சதவீத விளைச்சலும் கவனிக்க வேண்டியது. மேலே சொன்ன கரி எல்லையை ஒட்டி, அதன் விளிம்பிலேயே அவ்வளவு நேரம் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, இதில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்? உறை துகளைக் காக்கிறது என்ற கருத்து வெளிப்படுத்தல் முறை, சீரியா ஆய்வுகள் எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது, அதை நம்பலாம். ஆற்றல் திறன் என்ற எண்ணை மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். சிலர் செல்லுக்குள் போன மின்சாரத்தை மட்டும் கணக்கில் வைப்பார்கள், சிலர் வெப்பத்தையும் சேர்ப்பார்கள், வாயுவைச் சூடாக்குவதையும் பம்புகளையும் சேர்த்தால் எண் இன்னும் இறங்கும். ஆயுளைப் பொறுத்தவரை, தொழிற்சாலையில் ஐந்து வருடம் என்பது சுமார் 44,000 மணி நேரம். 2,000 மணி நேரத்தில் நேராகப் போகும் கோடு 20,000-த்திலும் நேராகவே போகும் என்று சொல்ல முடியாது. துகள் பெருப்பது முதலில் வேகமாக நடந்து பிறகு மந்தமாகும், அதனால் நல்லதுக்கும் வாய்ப்பு இருக்கிறது. உறையில் விரிசல் விழுந்தால் கதை மாறும்.

அப்புறம், வினையூக்கி என்பது செல்லின் ஒரு பகுதிதான். 800 டிகிரியில் குறைந்தபட்ச மின்னழுத்தம் 0.98 வோல்ட் என்றேன். அது கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் பாதிப் பாதி இருக்கும்போது. 1 ஆம்பியரில் 1.47 வோல்ட்டைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும் என்றால், செல்லின் மொத்தத் தடைக்கும் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் அரை ஓம்தான் இடம் இருக்கிறது. விளைச்சல் 90 சதவீதத்துக்குப் போனால் வெளியேறும் முனையில் அந்தக் குறைந்தபட்ச மின்னழுத்தமே 1.08-க்கு ஏறிவிடும், இடம் இன்னும் சுருங்கும். அந்த அரை ஓமில் சிர்கோனியா படலத்துக்கு ஒரு பங்கு, ஆக்சிஜன் மின்வாய்க்கு ஒரு பங்கு, இணைப்புகளுக்கு ஒரு பங்கு போக மிச்சம்தான் நம் வினையூக்கியின் கையில். ஆக்சிஜன் மின்வாய் சிர்கோனியாவை விட்டு உரிந்து வருவது இந்தச் செல்களின் பழைய நோய். டென்மார்க்கில் கிறிஸ்டோபர் கிரேவ்ஸ் குழு 2015-இல், செல்லை அவ்வப்போது எரிபொருள் செல்லாகத் திருப்பி ஓட்டினால் அந்தச் சேதமே நிற்கிறது என்று 4,000 மணி நேரம் ஓட்டிக் காட்டியது. எரிபொருள் பக்கத்தை எவ்வளவு சீராக்கினாலும் மறுபக்கம் உரிந்தால் செல் போச்சு.

அசுத்தங்கள் இன்னொரு பெரிய கதை. கார்பன் டை ஆக்சைடு உருளையில் வரும் மிக நுண்ணிய அளவு கந்தகம்கூட நிக்கலை அடைத்துவிடும். டென்மார்க்கில் எப்பெசனும் மொகென்சனும் உள்ளே போகும் வாயுவைச் சுத்திகரித்தாலே செல் தேய்வது பெருமளவு குறைகிறது என்று காட்டிப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதன்பிறகு வந்த நல்ல கட்டுரைகள் எல்லாம் சுத்திகரித்த வாயுவில்தான் ஓட்டப்படுகின்றன. செல்லின் ஓரத்தை மூடும் கண்ணாடி அடைப்பிலிருந்து ஆவியாகும் சிலிக்காவும் இதே வேலையைச் செய்யும்.

இதிலிருந்தே புகைபோக்கிக் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. நேரடியாக மாட்ட முடியாது. நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 12 முதல் 15 சதவீதம்தான். மீதி நைட்ரஜன், அதோடு கொஞ்சம் ஆக்சிஜன், கந்தக டை ஆக்சைடு, சாம்பல் தூள். ஆக்சிஜன் நிக்கலை எரிக்கும், கந்தகம் அடைக்கும். முதலில் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தாக வேண்டும். அதைவிட முக்கியம், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க, 90 சதவீதத் திறனில்கூட, சுமார் 2,000 யூனிட் மின்சாரம் ஆகும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படியென்றால் ஒரு டன்னைப் பிரிக்க 1.4 டன்னை வெளியிடுவோம். அனல்மின் நிலையத்தின் மின்சாரத்தையே எடுத்து அதன் புகையைப் பிளப்பது நஷ்டக் கணக்கு. காற்றாலை, சூரிய மின்சாரம், அணுமின்சாரம் இருக்கும் இடத்தில், சிமென்ட் சூளை போல வேறு வழியில்லாமல் வரும் கார்பன் டை ஆக்சைடை எடுத்து, மெத்தனாலோ திரவ எரிபொருளோ செய்யும் ஆலைக்குக் கார்பன் மோனாக்சைடாகக் கொடுத்தால்தான் பொருள் உண்டு. டென்மார்க்கின் டாப்சோ போன்ற நிறுவனங்கள் கார்பன் மோனாக்சைடை அது தேவைப்படும் இடத்திலேயே தயாரிக்க இதே வகைச் செல்களை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. நச்சு வாயுவை உருளைகளில் அடைத்துச் சாலையில் கொண்டுபோக வேண்டாம் என்பதே அங்கே பெரிய லாபம்.

கேள்வி கேட்டவர் மேலே படிக்க நினைத்தால் ஒன்று சொல்வேன். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது திறன் சதவீதத்தில் நின்றுவிடாமல் மூலக் கட்டுரையில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த மின்னோட்டத்தில் ஓட்டினார்கள், செல்லின் பரப்பு நகக்கண் அளவா உள்ளங்கை அளவா, உள்ளே விட்ட வாயுவில் கார்பன் டை ஆக்சைடோடு வேறு என்ன கலந்திருந்தது, 1,000 மணி நேரத்துக்கு மின்னழுத்தம் எத்தனை சதவீதம் ஏறியது. கடைசி எண் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்து, பரப்பும் பெரிதாக இருந்தால் அந்தக் கட்டுரையை முழுதாக உட்கார்ந்து படியுங்கள். சோதனைக்குப் பின் எடுத்த நுண்ணோக்கிப் படங்கள் பெரும்பாலும் துணை இணைப்பில் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். துகள்கள் பெருத்தனவா, நகர்ந்தனவா என்பது அங்கேதான் தெரியும்.